கிராம சபையில் நீங்கள் உறுப்பினர், நகர்மன்றத்தில் பார்வையாளர்: உள்ளாட்சிக் கூட்டங்களுக்குப் போவது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "பதினைந்து வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்தக் கிராமத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். ஊராட்சிக் கூட்டத்துக்கு என்னைப் போன்ற சாதாரண ஆட்கள் போகலாமா? போனால் பேச விடுவார்களா? அக்கா இருப்பது பக்கத்து நகராட்சியில். அங்கே எப்படி?"

போகலாம். கிராமத்தில் நீங்கள் பேசலாம், தீர்மானமும் கொண்டுவரலாம். நகராட்சியில் அக்கா உட்கார்ந்து கேட்கலாம், ஆனால் பேச முடியாது. அவர் பேச வேறு ஓர் இடம் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் தவறான கூட்டத்துக்குத் தவறான நாளில் போய் மனம் நொந்து திரும்புகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் அதிகாரி இல்லை. எங்கள் ஊர்க் கிராம சபைக்குப் பல வருடமாகத் தவறாமல் போய்வருபவன், அவ்வளவுதான்.

ஊராட்சியில் இரண்டு விதமான கூட்டம் நடக்கும். ஒன்று ஊராட்சி மன்றக் கூட்டம். தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள் மட்டும் கூடி முடிவெடுப்பது. இன்னொன்று கிராம சபை. இதை ஏதோ தலைவர் நடத்தும் குறைகேட்பு முகாம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அரசியல் சாசனத்தின் 73-வது திருத்தம், 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருப்பது, கிராம சபை என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அடங்கிய அமைப்பு என்கிறது. அதாவது பட்டியலில் பெயர் வந்த அன்றே நீங்கள் அதில் உறுப்பினர். யாரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதுமில்லை. தலைவர் அங்கே கூட்டத்தை நடத்துபவர், நீங்கள் கூட்டத்தின் ஒரு பகுதி.

ஆகவே உங்கள் முதல் வேலை, சென்னையில் இருக்கும் ஓட்டை ஊருக்கு மாற்றுவது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. பெயர் இங்கே வராத வரைக்கும் உட்கார்ந்து கேட்பதை யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் "உங்களுக்கு இங்கே ஓட்டே இல்லையே" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடலாம். எங்கள் ஊரில் அப்படி ஒரு தம்பிக்கு நடந்தது. நியாயமான கேள்வியைத்தான் கேட்டான், ஆனால் ஓட்டு திருப்பூரில் இருந்தது.

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்குதான் இருந்தது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1-உம் 2022-இல் சேர்ந்தன. இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2024-இல் நவம்பர் 1 கூட்டம் தீபாவளி விடுமுறையால் நவம்பர் 23-க்குப் போனது. 2025-இல் அக்டோபர் 2 கூட்டம் அக்டோபர் 11-இல் நடந்தது. ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரைக் கேட்டுவிடுவது நல்லது. (ஊரில் இன்னும் அவரை "கிளார்க்கு" என்றுதான் சொல்வார்கள்.) கூட்ட அறிவிப்பை ஊருக்குத் தெரிவிப்பது ஊராட்சியின் கடமை. முன்பு தண்டோரா போட்டுச் சொல்வார்கள். அந்த வேலையை ஒரு சாதியாரின் தலையில் மட்டும் கட்டியிருந்த வழக்கம் அது. 2022-இல் அரசு அதை நிறுத்தி, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிக்கச் சொன்னது, நல்ல காரியம். ஆனால் வண்டி மெயின் ரோட்டோடு திரும்பிவிடுகிறது, உள்தெருவுக்கும் காலனிக்கும் வருவதில்லை என்று பல ஊர்களில் குறை உண்டு. உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் அதையே எழுதிக் கொடுங்கள்.

இடம் பற்றி ஒரு விதி முக்கியமானது: மத வழிபாட்டு வளாகம் எதிலும் கிராம சபை நடத்தக்கூடாது. ஊரில் எல்லாரும் தயக்கமில்லாமல் கால் வைக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் உள்கருத்து. தாய்க் கிராமத்திலேயே எப்போதும் நடத்தாமல் குக்கிராமங்களிலும் மாற்றி மாற்றி நடத்த வேண்டும்.

அப்புறம் குறைவெண். குறைந்தது இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு. 500 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் வருகைப் பதிவேட்டின் அருமை புரியும்.

நான் முதல் முறை போன கிராம சபையைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒரு மேசை, அதன் மேல் நீள நோட்டு, பக்கத்தில் ரேகை வைக்க மைப்பெட்டி. வரிசை எண், பெயர், கதவு எண், கையொப்பம் என்று கட்டம் போட்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். காப்பியும் மிக்சர் பொட்டலமும் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் யார் யாரோ பேசினார்கள், பிறகு கலைந்தோம். பல மாதம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தின் நகல் ஒன்று கையில் கிடைத்தபோது, அன்று யாருமே பேசாத ஒரு வேலைக்கு "சபை ஏகமனதாக ஒப்புதல் அளித்தது" என்று எழுதியிருந்தது. கீழே வந்தவர் பட்டியலில் என் கையெழுத்து, 43-வதாக. அன்று எனக்கு வந்த கோபம் பெரும்பகுதி என் மேல்தான்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில் தப்பில்லை, போடத்தான் வேண்டும். குறைவெண் அதை வைத்துத்தான். ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். மேலே தேதியும் "வருகைப் பதிவு" என்ற தலைப்பும் இருக்கிறதா? வெற்றுத் தாளா? வெற்றுத் தாள் என்றால் "தேதி எழுதுங்கள், போடுகிறேன்" என்று சொல்லுங்கள். இரண்டாவது, கூட்டம் முடிவதற்குள் தீர்மானங்களைப் புத்தகத்தில் எழுதி, சபையில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். "அப்புறம் ஆபீஸில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம்" என்பதை ஏற்காதீர்கள். கிராம சபையின் பலம் முழுவதும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசியது அதில் ஏறவில்லை என்றால் பேசாததற்குச் சமம்.

சரி, எப்படிப் பேசுவது? எழுந்து நின்று "எங்க தெருவுல ஒண்ணுமே சரியில்ல" என்று ஆரம்பித்தால், "பார்க்கிறோம்" என்று பதில் வரும், அடுத்த ஆள் எழுந்துவிடுவார். எங்கள் தெருவில் மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் ரோட்டின் மேலேயே போகும். பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடப்பார்கள். மூன்று கூட்டத்தில் வாயால் சொன்னோம், நடக்கவில்லை. நான்காவது முறை கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே ஒரு மனு எழுதினோம். இன்ன தெருவில், இன்னார் வீட்டுக் கதவு எண்ணுக்கு எதிரே, இத்தனை அடி அகலத்தில் ஓடை கடக்கிறது. இங்கே சிறுபாலம் வேண்டும். இதை வரும் கிராம சபையில் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பதினெட்டு வீட்டுக் கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். கூட்டத்தன்று அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பொருள் எத்தனாவதாக வருகிறது?" என்று மட்டும் கேட்டோம். யாரும் சத்தம் போடவில்லை. தீர்மானம் எழுதப்பட்டது, எண்ணோடு. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க முடிந்தது. பாலம் வர ஒன்றரை வருடம் ஆனது, ஆனால் வந்தது.

மனுவில் "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்தால் அது வேண்டுகோளாகவே நின்றுவிடும். "தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்" என்றே எழுதுங்கள். எழுதப்படும் தீர்மானத்திலும் வேலை, இடம், எந்த நிதி, எந்த ஆண்டுத் திட்டம் ஆகிய நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். "ஆராயப்படும்" என்று முடிகிற தீர்மானத்தால் ஒரு செங்கல்லும் நகராது.

கூட்டத்தில் நீங்கள் கேட்டே ஆக வேண்டிய ஒரு காகிதம் படிவம் 30. ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் படிவம் அது. அதன் சுருக்கத்தைக் கூட்டம் நடக்கும் இடத்தில் பிளெக்ஸில் எழுதி மாட்ட வேண்டும். மாட்டியிருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; மாட்டவில்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்டு அதையே பதிவு செய்யச் சொல்லுங்கள். அதில் "தெருவிளக்குப் பராமரிப்பு", "மின்மோட்டார் பழுது", "குழாய் பழுது" என்று தலைப்புகள் வரும். உங்கள் தெரு மோட்டார் பழுது பார்த்த செலவு உங்களுக்குத் தெரிந்த அளவில் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தக் கணக்கையும் கேள்வி கேட்கப் போனால் தலை சுற்றிவிடும். தெரிந்த ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்திலும் உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தைப் பார்க்கலாம். கூட்டத்துக்கு முந்தின இரவு அரை மணி நேரம் அதில் செலவழித்தால், மறுநாள் நீங்கள் கேட்கும் கேள்வியின் தரமே மாறிவிடும்.

மேசைக்குப் பக்கத்தில் உங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் பற்றாளர், ஒன்றியத்திலிருந்தோ வேறு துறையிலிருந்தோ அந்தக் கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்பட்டவர். தீர்மானம் எழுத மறுத்தால் முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும். மரியாதையாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 2016-இல் சட்டம் வந்தது. கூட்டத்துக்கு வருபவர்களிலும் பெரும்பாலும் பெண்களே அதிகம்; நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார்கள் வரவில்லை என்றால் பல ஊர்களில் குறைவெண்ணே நிரம்பாது. ஆனால் மைக் ஆண்கள் கையில்தான் சுற்றுகிறது. தலைவர் பெண்ணாக இருந்தும் பதில் சொல்பவர் அவர் கணவராக இருக்கும் கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் செய்யக்கூடியது சின்ன விஷயம்: கேள்வியைத் தலைவரைப் பார்த்தே கேளுங்கள். கணவர் பதில் சொல்ல எழுந்தால், "தலைவரம்மா சொல்லட்டும், காத்திருக்கிறோம்" என்று உட்கார்ந்துவிடுங்கள். எங்கள் ஊரில் இரண்டாவது வருடத்திலிருந்து அந்த அம்மாவே கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பதில் சொன்னார். அவருக்குத் தெரியாமல் இல்லை. யாரும் அவரைக் கேட்டதில்லை.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் பலன் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, ஊராட்சிச் சாலை, கழிவுநீர்க் கால்வாய், குப்பை, சுடுகாட்டுப் பாதை, வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் தேர்வு, கிராம வளர்ச்சித் திட்டம் இவையெல்லாம் சபைக்கு உட்பட்டவை. பட்டா, சிட்டா, முதியோர் உதவித்தொகை எல்லாம் வருவாய்த் துறை, அங்கே வி.ஏ.ஓ. வந்திருந்தால் சொல்லலாம், தலைவரைத் திட்டுவதில் பயனில்லை.

பெரிய விஷயங்களில் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும்? மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் அந்த மக்கள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, ஜனவரியில் மக்கள் மதுரைக்கு ஊர்வலமாகப் போனார்கள். 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதே சமயம் காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரம் மக்கள் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022-இல் இருந்து கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போட்டும் நிலமெடுப்பு வேலைகள் தொடர்ந்தன. இப்படிப்பட்ட தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டிப்போடாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 202-வது பிரிவில், ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ ஆய்வாளருக்கு, அதாவது மாவட்ட ஆட்சியருக்கு, அதிகாரம் இருக்கிறது. ஆனாலும் ஊர் என்ன நினைத்தது என்பதற்கு நாளையும் எண்ணையும் கொண்ட ஆவணம் அது ஒன்றுதான். அதனாலேயே அதை விட்டுவிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

"எங்கள் ஊரில் இப்போது தலைவரே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. தனி அலுவலர் காலத்தில் மன்றக் கூட்டம் என்பதற்கு அர்த்தம் இல்லை, ஏனென்றால் மன்றமே இல்லை. ஆனால் கிராம சபை உண்டு. அதன் உறுப்பினர்கள் நாம். நம் பதவிக்காலம் முடிவதில்லை. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத இந்தக் காலத்தில்தான் கூட்டத்துக்குப் போவது இன்னும் அவசியம். வேறு யாரும் கேள்வி கேட்க இல்லை.

இனி அக்காவின் நகராட்சி. இங்கே மாதாந்திரக் கூட்டம் நகர்மன்றக் கூட்டம். மாநகராட்சி என்றால் மாமன்றக் கூட்டம். பேசும் உரிமை கவுன்சிலர்களுக்கும் தலைவருக்கும்; ஆணையரும் அலுவலர்களும் பதில் சொல்வார்கள். பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்ட காலத்திலிருந்தே இருக்கும் முறை. அவசியம் என்று தலைவர் கருதினால் காரணத்தைப் பதிவு செய்துவிட்டு வெளியே போகச் சொல்லலாம். நேராக வாசலில் போய் நிற்க வேண்டாம். இரண்டு நாள் முன்பே நகராட்சி அலுவலகத்தில் மன்றக் கூட்டம் எப்போது, பார்வையாளராக வர யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டு வைத்தால் வாசலில் வாக்குவாதம் இருக்காது. சென்னை ரிப்பன் மாளிகையின் மன்றத்தில் 200 கவுன்சிலர்கள். திருக்குறள் வாசித்து, கேள்வி நேரம், நேரமில்லா நேரம், பிறகு தீர்மானங்கள் என்று சட்டமன்றம் போலவே நடக்கும். சின்ன நகராட்சியில் அவ்வளவு ஒழுங்கு இருக்காது. பொருள்களை மடமடவென்று வாசித்து "ஆல் பாஸ்" என்று முடித்துவிடுவதும் உண்டு.

அதனால்தான் அக்கா கூட்டத்தன்று போவதைவிடக் கூட்டத்துக்கு முன்பு செய்யும் வேலை முக்கியம். கூட்டப் பொருள் பட்டியல் சில நாள் முன்பே கவுன்சிலர் கைக்கு வந்துவிடும். வார்டு கவுன்சிலரைப் பார்த்து, "இந்த மாதப் பட்டியலில் நம்ம வார்டு வேலை என்ன இருக்கு, காட்டுங்கண்ணே" என்று கேட்கட்டும். இல்லை என்றால் அடுத்த கூட்டத்தில் வைக்க மனு கொடுக்கட்டும். பார்வையாளர் வரிசையில் தன் வார்டு ஆட்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் கவுன்சிலர் எழுந்து பேசுகிற விதமே வேறு. இதைப் பக்கத்து ஊரில் கண்ணால் பார்த்தேன்.

அக்கா நேரடியாகப் பேச வேண்டிய இடம் பகுதி சபை. 2022-இல் இதற்கான விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-இல் முதல் கூட்டங்கள் நடந்தன, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சபை. அவற்றின் பிரதிநிதிகள் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவாகக் கூடுவார்கள். கிராம சபை அளவுக்கு இது இன்னும் வேர் பிடிக்கவில்லை. பல வார்டுகளில் யார் பகுதி சபைப் பிரதிநிதி என்று அந்தத் தெரு மக்களுக்கே தெரியாது. அக்கா அதையே முதல் கேள்வியாக வைக்கட்டும்: எங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது, பிரதிநிதி யார், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது?

பதில் வரவில்லை என்றால் இரண்டு இடத்துக்கும் ஒரே வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர மாட்டார்கள். "இன்ன தேதிக் கூட்டத்தின் தீர்மானப் புத்தக நகல், வருகைப் பதிவேட்டின் நகல், இன்ன எண் தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நகல் வந்ததும் அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். கூட்டம் தொடங்கியதும் புதுப் பொருளுக்குப் போகும் முன்பே எழுந்து, போன கூட்டத் தீர்மானங்களில் எவை முடிந்தன, எவை நிற்கின்றன என்று எண் சொல்லிக் கேளுங்கள். முதல் முறை குரல் நடுங்கும். எனக்கும் நடுங்கியது. பக்கத்தில் தெருக்காரர்கள் இரண்டு பேரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.